அடுப்புக்காரி

சாம்பல் புதன், பிப்ரவரி 14

பழைய ஜெபப் புத்தகத்தின் கடைசியில் பதினாறு தாள் காலியாகக் கிடக்கிறது. இந்த வருஷத் தவக்காலத்தை ஒழுங்காக அனுசரித்தேன் என்பதற்கு அவை சாட்சியாக இருக்கட்டும். இந்த மலையூரில் எழுத்துத் தெரிந்தவன் பங்குச் சாமியாராகிய நான் ஒருவன்தான். அதனால் என் பேர் பெரெங்கர் என்பதைக்கூட எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலையில் ஊர் முழுக்க நெற்றியில் சாம்பல் பூசினேன். பிறகு மெங்கார்தாவை அனுப்பிவைத்தேன்.

மெங்கார்தா ஒன்பது வருஷமாக என் வீட்டில் சமைக்கிறவள். அவ்வளவுதான். ஆனால் ஆயர் இந்த வருஷம் ஒரு விசாரணைச் சாமியாரை ஊர் ஊராக அனுப்புகிறார். அவருடைய முதல் கேள்வி, 'பங்குச் சாமியார் அடுப்புக்காரி வைத்திருக்கிறாரா?' சாமியார்களோடு குடித்தனம் நடத்தும் பெண்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் அது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவளாம். ஆமாம் என்று ஒருவன் சொன்னால் போதும், என் பங்கு போய்விடும். அவளைத் தலையை மழித்து ஊரை விட்டுத் துரத்துவார்கள். ஆகவே உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடியும்வரை கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற அக்காள் வீட்டில் இரு என்றேன்.

ஒரு வாரமாக நல்ல வெயில். கணவாய் திறந்துதான் இருந்தது. மூட்டை கட்டும்போது சணல் அறுந்துபோயிற்று. அவசரத்துக்கு, பூசைக்குக் கட்டும் என் வெள்ளை இடைக்கயிற்றை எடுத்துக் கட்டிக்கொடுத்தேன். நுனி பிரிந்துபோனதைச் சிவப்பு நூலால் அவளே ஒட்டுப்போட்ட கயிறு. அடுப்பில் சூப் இருந்தது. உப்புப் போட்டுக் கிளறிவிட்டு வாசலில் நின்றாள்.

"பனி வருமா, பெரெங்கர்?"

"வராது. நான் சொல்றேன்ல, போ."

மத்தியானம் மேகம் இறங்கியது. சாயங்காலத்துக்குள் முற்றம் தெரியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவள் திரும்பி வந்துவிட்டாள். கதவு தாழிடாமல்தான் இருந்தது. சத்தம் போட வேண்டும் என்றுதான் எழுந்தேன், முடியவில்லை. உயிர் வந்தது போலிருந்தது. மூட்டையை வழியில் போட்டுவிட்டாள் போல. அடுப்புக்குப் பக்கத்தில் தன் முக்காலியில் உட்கார்ந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பனி வருமா சாமி?" என்றாள்.

வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. களைப்பில் பேசுகிறாள் என்று, "வராது" என்றேன்.

பிப்ரவரி 15

பனி நிற்கவில்லை. கணவாய் அடைபட்டுவிட்டது என்று கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை பொன்ஸ் வந்து சொன்னான். நல்லது என்றேன். எது நல்லது என்று அவன் கேட்கவில்லை.

முதல் வெள்ளி, பிப்ரவரி 16

பாவசங்கீர்த்தனம் கேட்க ஆரம்பித்துவிட்டேன். பாஸ்காவுக்குள் ஊர் முழுக்க வந்தாக வேண்டும். பீடத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் நான் உட்காருவேன், வந்தவர் என் காலடியில் முழந்தாளிடுவார். மற்றவர்கள் ஞானஸ்நானத் தொட்டி தாண்டி நிற்பார்கள். காதில் விழாது, கண்ணில் படும். யாருக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஊரின் தவக்கால வேடிக்கை.

என்னிடம் அபராத ஏடு ஒன்று இருக்கிறது. எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று வரிசையாகச் சொல்லும். புருஷன் பெண்டாட்டி விஷயத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். ஞாயிறு கூடாது, ஆண்டவருடைய நாள். புதன், வெள்ளி கூடாது, விரதம். சனி கூடாது, மாதாவுக்கு உரியது. தவக்காலம் முழுக்கக் கூடாது, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாற்பது நாளும் கூடாது. அவள் தூரமாக இருக்கும்போது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது, பால் கொடுக்கும்போது கூடாது. பகலில் கூடாது. துணியில்லாமல் கூடாது. ஆசையோடு கூடவே கூடாது. இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்ச நாளில் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். மீறினால் பிறக்கும் பிள்ளை குஷ்டரோகியாகப் பிறக்கும் என்று ஏடு சொல்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டிப் பிறக்கும் பிள்ளையைப் பார்த்தால் ஊர்ப் பெண்கள் விரலை மடக்கி மாதத்தைப் பின்னோக்கி எண்ணிவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆலைக்காரன் ஞாயிற்றுக்கிழமை தவறினானாம். எந்த ஞாயிறு என்றேன். எல்லா ஞாயிறும் என்றான். மற்ற நாளில் அரைக்கிற வேலை இருக்கிறதாம்.

மெங்கார்தா இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. விரதம் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தவக்காலம் முடியும்வரை தொடுவதில்லை என்று நானும் பிரதிக்கினை செய்திருக்கிறேன். சமையல்காரியைத் தொடுவது என்ற பேச்சே எழக் கூடாதுதான். எழுதியதைச் சுரண்டி அழித்தால் தாள் கிழியும், இருக்கட்டும்.

பிப்ரவரி 20

சமையல் என் தலையில் விழுந்துவிட்டது. அவள் உட்கார்ந்தே இருக்கிறாள், நான்தான் அவரைக்கொட்டையை வேகவைக்கிறேன். ஒன்பது வருஷம் செய்தாள், ஒரு மாதம் உட்காரட்டும். ஒரு விதத்தில் நல்லதுதான், வெளியே தலை காட்டினால் ஊர் பார்க்கும். ஆனாலும் தண்ணீருக்குப் போய் வருகிறாள் என்று நினைக்கிறேன், முக்காலிக்குக் கீழே எப்போதும் ஈரம். முற்றத்துப் பனியில் என் காலடி மட்டும்தான் இருக்கிறது. செருப்புத் தேயக் கூடாது என்று நான் மிதித்த இடத்திலேயே மிதிக்கிறாள் போல. சிக்கனக்காரி.

பூசையில் இடுப்புக்கு ஆட்டுக்கயிற்றைக் கட்டிக்கொண்டேன். பொன்ஸ் பார்த்துவிட்டான்.

"சாமி இடையனாயிட்டீங்களா?"

"நல்ல கயிறு துவைக்கப் போட்டிருக்கு."

"துவைக்க ஆளில்லாம நீங்களே துவைக்கிறீங்க, பாவம். ஒத்தையா கஷ்டப்படுறீங்க. என் பெண்டாட்டிய வந்து ரொட்டி சுடச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன். நல்லவன், தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிறான். விசாரணைக்கு இப்போதே பழகிக்கொள்கிறான் போலிருக்கிறது.

என் நாய் பொன்ஸ் வீட்டிலேயே தங்கிவிட்டது. கூப்பிட்டால் வாசல்வரை வருகிறது, உள்ளே வருவதில்லை.

இரண்டாம் வெள்ளி, பிப்ரவரி 23

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதக் கூடாது. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரிக்சந்தா வந்தாள். பிரபுவின் ஆட்டுக்கிடையை மேய்க்கிற அர்னோத்தின் பெண்டாட்டி. குளிர்காலத்தில் கிடை கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கும். பாஸ்காவரை அவன் அதை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் பிரபுவின் காரியக்காரன் முதுகுத்தோலை உரித்துவிடுவான். கணவாயோ புதன்கிழமையிலிருந்து ஈ காக்கை தாண்டாதபடி மூடிக் கிடக்கிறது.

"என் வீட்டுக்காரர் வந்தாரு சாமி," என்றாள்.

"எங்க வந்தான்?"

"என்கிட்டதான்."

"எந்தக் கிழமை?"

"போன சனிக்கிழமை வந்தாரு. அப்புறம் நேத்து. சாமி, அவரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இங்க சொன்னா வெளிய போகாதுன்னு. மேல, கணவாய்ல, சிலுவைக்கல்லுகிட்ட..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பகலா, இருட்டுக்கு அப்புறமா?"

"இருட்டுக்கு அப்புறம்."

"துணியோடயா?"

அவள் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குளிருல யாரு சாமி துணியக் கழட்டுவா," என்றாள்.

ஆசையோடா என்று கேட்டேன். ஏட்டில் இருக்கிறது, கேட்டாக வேண்டும். அவள் முகம் சிவந்தது. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உயிருள்ள மனிதனால் வர முடியாத வழியில் ஒன்று வருகிறது, தனியாக இருக்கிற பெண்ணிடம், புருஷன் முகத்தோடு. பசாசு இப்படித்தான் வரும் என்று ஏட்டில் தனி அத்தியாயமே இருக்கிறது. அவளுக்கு மூன்று சோதனை சொல்லி அனுப்பினேன். வந்தது உப்பிட்ட ரொட்டி தின்கிறதா? பனியில் கால் பதிகிறதா? விசுவாசப் பிரமாணம் சொல்கிறதா?

போகும்போது திரும்பத் திரும்ப என்னைப் பார்த்தாள். பயந்துவிட்டாள், பாவம்.

மூன்றாம் வெள்ளி, மார்ச் 2

ரிக்சந்தா மறுபடி வந்தாள். புதன்கிழமை வந்ததாம்.

"ரொட்டி தின்னாரு சாமி. உப்புக் கருவாடும் தின்னாரு. இன்னும் வெங்காயம் இருக்கான்னு கேட்டாரு."

"கால் பதிஞ்சுதா?"

"மாட்டுக்கொட்டாய் வரைக்கும் பதிஞ்சிருந்துச்சு. நாந்தான் காலையில வெளக்குமாத்தால அழிச்சேன், ஊரு பாத்துடுமேன்னு."

"பிரமாணம்?"

"சொன்னாரு. பாதியில நின்னுட்டாரு."

"பாத்தியா."

"எப்பவும் நிக்கிற எடந்தான் சாமி. கல்யாணத்தன்னைக்கும் அங்கதான் நின்னாரு, நீங்கதான எடுத்துக் கொடுத்தீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. பசாசுக்கு நடிக்கத் தெரியாதா? நான் சொன்ன சோதனைகளையெல்லாம் அது தெரிந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேறுகிறது என்றால் அதுவே பெரிய சாட்சி. பனிச்சரிவில் நாலு மைல் தாண்டி ஒருத்தன் பெண்டாட்டியைப் பார்க்க வருவானா? அதுவும் தவக்காலத்தில்?

"ஆடு தாண்டுற தடம் ஒண்ணு இருக்காம் சாமி, பாறைக்கு அடியில. அதுல வர்றப்பதான்... சாமி, உங்க வீட்டு அம்மா..."

அப்படியே நிறுத்தச் சொன்னேன். தன் பாவத்தை மூடி மறைக்க என் வீட்டைப் பற்றிப் பேசத் துணிந்துவிட்டாள். இன்றைக்கு என் காதில் சொல்கிறாள், நாளை விசாரணைச் சாமியார் காதில் சொல்லமாட்டாளா? அபராதத்தைக் கூட்டிக் கொடுத்தேன். நாற்பது நாள் ரொட்டியும் தண்ணீரும். கதவைத் தாழிட வேண்டும், குறுக்கே கட்டையும் போட வேண்டும். அது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், அழுதாலும் திறக்கக் கூடாது. திறந்தால் பாவமன்னிப்பு இல்லை, பாஸ்காவுக்கு நற்கருணையும் இல்லை.

"அவரா இருந்தா சாமி?"

"அவனா இருந்தா பாஸ்காவுக்கு வருவான்."

வீட்டுக்கு வந்தேன். சூப்பில் உப்புப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். பெட்டியை மெங்கார்தா பக்கத்தில் வைத்தேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் முக்காலி சுவரோரம் தள்ளிப்போயிருந்தது. அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். உப்பும் விரதம் போலிருக்கிறது.

"பனி வருமா சாமி?"

"வராது."

ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்தால் இதே கேள்வி, இதே பதில். முன்பெல்லாம் வீட்டுக்குள் பெரெங்கர் என்றுதான் கூப்பிடுவாள். இப்போது சாமி என்கிறாள். தவக்கால மரியாதை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் ஞாயிறு, மார்ச் 11

தவக்காலத்தில் பாதி தாண்டிவிட்டது. இன்றைக்குச் சந்தோஷ ஞாயிறு, கொஞ்சம் சிரிக்கலாம் என்று திருச்சபையே அனுமதிக்கிறது. பிரதிக்கினையை உடைத்தேன். எழுதிவிடுகிறேன்: அவள் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

கிணற்று இரும்பு வாளியைப் பிடித்ததுபோல் இருந்தது. என் கைச்சூடெல்லாம் அதற்குள் போயிற்று, கை சூடாகவில்லை. நெருப்பைக் கிளறினேன், நாலு விறகு கூடப் போட்டேன். நெருப்பு அவள் இருக்கிற பக்கம் தணிந்தே எரிகிறது. வைத்தியக்காரியைக் கூப்பிடலாம் என்றால் எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் யார் இருக்கிறாள் என்று சொல்வது?

எனக்கு இவளைப் பிடிக்கும். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. முதல் வருஷம் அபராத ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் கிழமை கூடாது, அந்தக் கிழமை கூடாது என்று அவளிடம் படித்துக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். "இத எழுதினவருக்கு அடுப்பே இருந்திருக்காது," என்பாள். மூன்றாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது, நான்கு நாள் இருந்தது. நானேதான் ஞானஸ்நானம் கொடுத்தேன். தகப்பன் பேர் சொல்ல வேண்டிய இடத்தில் இருமினேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கும் என்னோடு சண்டை போடவில்லை.

மார்ச் 17

ரிக்சந்தா முறை வைத்து வரவில்லை. பூசை முடிந்ததும் நேராகப் பீடத்துக்கே வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது.

"வியாழக்கிழமை வந்தாரு சாமி. நான் திறக்கல."

நல்ல காரியம் செய்தாய் என்றேன்.

"வெளிய காத்து. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. விரல் மரத்துப்போச்சு ரிக்சந்தா, கதவத் திறன்னாரு. நான் உள்ள கட்டையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அழுதாரு சாமி. எங்க கல்யாணத்துலருந்து அவரு அழுது நான் கேட்டதில்ல. விடியுறதுக்கு முன்ன சத்தம் நின்னுபோச்சு."

"காலையில என்ன இருந்துச்சு?"

"காலடி. மேல போற காலடி. ஒண்ணு நேரா இருக்கு, ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு." என் முகத்தையே பார்த்தாள். "வழியில செத்திருந்தா, சாமி?"

"செத்திருந்தா அது உன் புருஷன் இல்லன்னு அர்த்தம். உயிரோட வந்தா, அப்பவும் அது அவன் இல்லன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் நீ தப்பிச்சே."

எனக்கே அழகாகத் தோன்றிய வாக்கியம். அவளுக்குத் தோன்றவில்லை. எழுந்து, முழந்தாளைக்கூடத் தட்டிவிடாமல் போனாள். வாசலில் நின்று, "மூணாவது தடவ, சாமி," என்றாள். எது மூன்றாவது தடவை என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 21

விசாரணைச் சாமியார் கீழ்ச்சாலை வழியாகக் கழுதையில் வந்துசேர்ந்தார். சளி பிடித்த கிழவர். கோயிலில் உட்கார்ந்து ஊரில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். நான் திருவுடை அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், வெட்கம்தான்.

"பங்குச் சாமியார் அடுப்புக்காரி வெச்சிருக்காரா?"

பொன்ஸ் சொன்னான், "ஒரு அம்மா இருந்தாங்க. சாம்பல் புதன் அன்னைக்கு மலையேறிப் போயிட்டாங்க. அப்புறம் வரல."

ஆலைக்காரன் அதையே சொன்னான். வைத்தியக்காரியும் அதையே. பதினொரு பேரும், 'போயிட்டாங்க, வரல, நாங்க பாக்கல.' வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து எனக்காகப் பதினொரு பேர் பொய் சொல்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஊரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டாவதாக ரிக்சந்தாவின் முறை வந்தபோது கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். "போயிட்டாங்க," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு நான் நின்ற கதவைப் பார்த்தாள்.

அப்புறம் பெரியவர் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். தடுக்க முடியவில்லை. மெங்கார்தா மூலையில்தான் இருந்தாள், மறைந்துகொள்ளக்கூட இல்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், ஒற்றைக் கிண்ணத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். நேராகப் போய் அவள் முக்காலிக்கு முன்னால் நின்று கையை நெருப்பில் காட்டினார். நான் முழந்தாளிடத் தயாராகிவிட்டேன்.

"இவ்வளவு நெருப்புப் போட்டும் வீடு இப்படிக் குளுருதே, எப்படி இருக்கீங்க?" என்றார்.

அவ்வளவுதான். பெண்களை ஏறிட்டுப் பார்க்காத பழைய காலத்து மனிதர். பெரிய மனசு. என்னைப் பற்றி 'குற்றமில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

நான் பிழைத்தேன். மெங்கார்தாவிடம் சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை.

குருத்து ஞாயிறு, மார்ச் 25

மங்கள வார்த்தைத் திருநாளும் குருத்து ஞாயிறும் இந்த வருஷம் ஒரே நாளில். பனி உருகுகிறது. ஓடுகள் சொட்டுகின்றன. எங்கள் வீட்டில் உள்ளேயும் சொட்டுகிறது. கூரையில் ஓட்டை தேடினேன், இல்லை. முக்காலிக்குக் கீழே குளமாகத் தேங்குகிறது, துடைக்கிறேன், மறுபடி தேங்குகிறது.

ரிக்சந்தா கோயிலுக்குள் வரவில்லை. வெளியே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளி, மார்ச் 30

சிலுவையை முத்தமிட்டோம். அர்னோத் செத்திருந்தால் என்ற நினைப்பு முழுநாளும் போகவில்லை. பாஸ்காவுக்கு இடையர்கள் இறங்கிவிடுவார்கள். யார் இறங்கவில்லை என்பது அப்போது தெரியும். ஏட்டை எடுத்துப் பசாசு அத்தியாயத்தை மறுபடி படித்தேன். உப்பு. காலடி. சூடு. தொட்டால் இரும்புபோல் குளிரும் என்று எழுதியிருக்கிறது.

அதற்குமேல் படிக்கவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

பெரிய சனி, மார்ச் 31

மத்தியானம் கணவாய் திறந்தது. மூன்று இடையர்கள் இறங்கினார்கள். ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான், இடது கையில் கந்தல் சுற்றியிருந்தது. அர்னோத். உயிரோடு. இரண்டு விரல் இல்லை.

ரிக்சந்தா ஓடவில்லை. நடந்துதான் போனாள். கந்தல் சுற்றிய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

அவன் நேராக என்னிடம் வந்தான். நெருப்புக்கும் தண்ணீருக்கும் மந்திரிக்க எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றிருந்தேன். எங்கள் கண்ணுக்கு முன்னால் அவன் தொட்டித் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். வெள்ளைக் கயிறு. நுனியில் சிவப்பு நூல்.

"அன்னைக்கு ராத்திரி இதக் குடுக்கத்தான் சாமி வந்தேன். கதவு திறக்கல."

கயிற்றைத் திருப்பி அந்த நூலை விரலால் தடவிப் பார்த்தேன்.

"சாம்பல் புதனுக்கு மூணாம் நாள் தடத்துல வர்றப்ப பாத்தேன். சிலுவைக்கல்லுல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. மடியில மூட்ட இருந்துச்சு. ஊரப் பாத்துத்தான் உக்காந்திருந்தாங்க. ஓநாய் தொடாம சுத்திலும் கல்லு அடுக்கிட்டேன். வெளிய சொன்னா நான் கிடைய விட்டு வந்தது தெரிஞ்சுபோகும். அதான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுடின்னு இவகிட்ட சொல்லிவிட்டேன்."

"வீட்டில இருக்கா," என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. "அன்னைக்கே திரும்பி வந்துட்டா."

யாரும் சிரிக்கவில்லை. பொன்ஸ் தொப்பியைக் கழற்றினான். "போனத ஊரே பாத்துச்சு சாமி. வந்தத யாரும் பாக்கலியே."

ரிக்சந்தா என் எதிரில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தடவ சொல்ல வந்தேன் சாமி. நீங்க எந்தக் கிழமன்னு கேட்டீங்க."

பாஸ்கா ஞாயிறு, ஏப்ரல் 1

பூசையில் என் சொந்த இடைக்கயிற்றைக் கட்டிக்கொண்டேன். ஈரமாக இருந்தது. உயிர்த்தெழுந்தார் என்று பாடினேன், ஊர் பதில் பாடியது. நற்கருணைக்கு ரிக்சந்தா வந்து வாயைத் திறந்தாள். அவள் அபராதத்தை ரத்து செய்துவிட்டேன் என்று முதலில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. என்னை மன்னி என்றும் சொன்னேன். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. அர்னோத்தின் அபராதம் அவன் கையிலேயே இருக்கிறது, நான் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை.

மத்தியானம் மெங்கார்தாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் குளிப்பாட்டினார்கள், ரிக்சந்தாதான் தலையை வாரினாள். முகம் கெடவே இல்லை. கல்லறையில் பேர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. இந்த முறை இருமவில்லை. "பெரெங்கரின் மனைவி மெங்கார்தா," என்று சத்தமாகச் சொன்னேன். அடுத்த வாரம் இது ஆயர் காதுக்குப் போகும், பங்கும் போகும். போகட்டும். குழந்தையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டச் சொல்லியிருந்தேன். எந்த இடம் என்று பொன்ஸ் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

அபராத ஏட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றாக எரிந்தது.

பொழுது சாய்கிறது. கதவைத் தாழிடவா என்று வெகுநேரம் நின்று யோசித்தேன். தாழிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஊர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பனி வருமா சாமி?"

நாற்பத்தாறு நாள் நான் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"வரும் மெங்கார்தா. போகாத."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு முதல்முறை.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, பெரெங்கர்."

இப்போது முக்காலி காலியாக இருக்கிறது. ஈரம் இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.